மச்சாளின் மூச்சும் மூன்று பெட்டிகளும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களே,

ஒலிப்பதிவு பற்றிய நினைவுகளை எழுதி அனுப்புமாறு தங்கள் ஆவணக் காப்பகம் கேட்டிருந்தது. ஒலிப்பதிவு என்றதும் முதலில் என் நினைவுக்கு வருவன, வெள்ளவத்தை அடுக்குமாடி வீடொன்றின் பின்னறை மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த மூன்று கறுப்புப் பெட்டிகளே. குரலைச் செப்பனிடும் அக்கருவிகளைப் பம்பலப்பிட்டிக் கடையொன்றிலிருந்து சோதித்துப் பார்ப்பதற்காக எடுத்துவந்திருந்தேன். "அங்கிள், மூணையும் கொண்டு போங்க. ஒண்ட வெச்சிட்டு மத்த ரெண்டையும் கீறல் இல்லாம தாங்க," என்றார் கடைக்காரர். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

அந்த வீடு என் மனைவியின் தங்கையுடையது. மச்சாள் என்றே அவரை அழைப்பேன். வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் கேட்கும் இணைய வானொலியொன்றுக்கு மரண அறிவித்தல்களை வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பிவந்தார். நம்மவரின் மரண அறிவித்தல் எத்துணை நீளமான வாக்கியம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிறந்த ஊரில் தொடங்கி, வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள் என உறவெல்லாம் கடந்தே அது முற்றுப்பெறும். நியூமோனியாவில் கிடந்து எழுந்தபின், மச்சாளுக்கு அவ்வளவு தூரம் மூச்சு எட்டவில்லை. ஒருமுறை, இறந்தவருடைய கடைசி மகளின் பெயர் எவர் காதிலும் விழாமலே போயிற்று. அந்தப் பெண் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பாவின்ர பிள்ளையளிலை நான் மட்டும் இல்லையோ?" என்று அழுதாராம். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் வேறு குரல் தேட வேண்டிவரும் என்று நிலையப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் கிடந்த நாட்களிலும் மச்சாள் ஓயாமல் கேட்டது, அறிவித்தலை இப்போது யார் வாசிக்கிறார் என்பதைத்தான்.

நானோ கொட்டாஞ்சேனைக் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டி, கழற்றியும் பூட்டியும் தொழில் பழகியவன். இவையெல்லாம் கணினிக்குள்ளேயே உண்டு என்பார்கள். எனக்குப் பெட்டியின் திருகைப் பிடித்துத் திருப்பினால்தான் காது வேலை செய்யும். எதிரொலி தரும் பெட்டியையே முதலில் இணைத்தேன். மெலிந்த குரலுக்கு அது ஒரு மண்டபத்தைக் கட்டிக்கொடுத்துக் கம்பீரம் சேர்க்கும் என்பது என் எண்ணம். சில வரிகள் வாசித்ததுமே மச்சாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத்தான், செத்தவீடு சொல்லுறீங்களோ, தேர் இழுக்க ஆள் கூப்பிடுறீங்களோ?"

அவர் சொன்னது சரிதான். பெயர்கள் ஒன்றன் வாலை மற்றொன்று மிதித்துக்கொண்டு நின்றன.

இரண்டாவது பெட்டி கம்பிரஸர். குரல் உரத்த இடத்தை அமுக்கி, தாழ்ந்த இடத்தை மேலே தூக்கிவிடும். வீட்டருகே ஓடும் ரயில் கடந்துபோகும்வரை காத்திருந்து, சிக்கலுக்குக் காரணமான அந்தப் பழைய அறிவித்தலையே வாசிக்கச் செய்தேன். கடைசி மகளின் பெயர் மூத்தவரின் பெயருக்குச் சமமாக ஒலித்தது. ஆயினும் கூடவே மற்றொன்றும் மேலெழுந்து வந்தது: ஒவ்வொரு பெயருக்கும் முன்னே அவர் இழுத்த மூச்சு. பக்கத்திலேயே இருந்தும் நான் கவனித்திராத அந்த ஒலி, மாடிப்படி ஏறுபவரின் மூச்சுப்போல் ஹெட்போனில் கேட்டது.

அதை அகற்றுவதற்கே மூன்றாவது பெட்டி. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அது கதவு சாத்துவதுபோல் அடைத்துவிடும். மூச்சு மறைந்தது, அதனோடு அந்த மகளின் பெயரில் பின்பாதியும் மறைந்தது. திருகைத் தளர்த்தினால் மூச்சு வந்தது, இறுக்கினால் பெயர் போயிற்று. இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருந்தாக வேண்டுமே என்ற ஆவலில் நான் திருகிக்கொண்டேயிருந்தேன். மச்சாள் எட்டி அந்தப் பெட்டியின் வயரைக் கழற்றினார்.

"விடுங்கோ அத்தான். வாசிக்கிற எனக்கெண்டாலும் மூச்சிருக்கட்டும்."

அன்று வந்த புதிய அறிவித்தலைக் கம்பிரஸர் ஒன்றை மட்டும் வைத்துப் பதிந்து, மூச்சை வெட்டாமலே அனுப்பினோம். மறுநாள் பொறுப்பாளர் அழைத்தார். நானும் கேட்கும்படி மச்சாள் தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, செத்தவீட்டுக்காரர் போன் எடுத்தவை. வாசிச்சவவுக்கு எங்கட அம்மாவைத் தெரியுமோ எண்டு கேக்கினம். அழுதழுது வாசிச்ச மாதிரிக் கிடந்ததாம்."

மச்சாள் கேட்டது ஒன்றைத்தான்.

"பேரெல்லாம் கேட்டதாமோ?"

"ஓம் அக்கா, எல்லாம் கேட்டது."

"அப்ப நாளைக்குரியதை அனுப்புங்கோ தம்பி."

மற்ற இரு பெட்டிகளையும் கீறலின்றிக் கடையில் ஒப்படைத்தேன். மச்சாள் இன்றும் வாசிக்கிறார். இந்தக் குறிப்பைத் தங்கள் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.