நேர்கோட்டில் ஒன்பது மணி நேரம்

"ஒன்பது மணி நேரம்தானே, ஏதாவதுன்னா வந்து நிப்பேன்" என்று வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா போனபோது அவன் வந்து நின்றது எல்லாம் முடிந்த பிறகு. அதை அவள் ஒருத்திதான் மறக்கவில்லை.

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. அப்பாவையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவரோ பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவு தூரம் என்றால் இவ்வளவு நேரம் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. இங்கேயும் மகன் ஊரிலும் உள்ள இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கைபேசியில் தட்டினால் ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் என்று வரும். வருவோர் போவோருக்கெல்லாம் அதைக் காட்டுவார். அது நேர்கோடு போட்டு அளந்தது, அப்படி நேராகப் போகிற விமானமே கிடையாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு கண்ணில் புரை முற்றிய பிறகும், பெரியவன் வரட்டும், அப்புறம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். பெரியவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்களே வாருங்கள் என்று டிக்கெட் அனுப்பினான். அப்பாவைத் தனியே அனுப்ப முடியுமா? ஓட்டல் ஒன்றின் திரைச்சீலை வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் தைத்து முடித்து, முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கினாள்.

விமான நிலையம் போய்ச் சேரவே காலைப்பொழுது போயிற்று. விமானம் ஏறியதும் முன்னாலிருந்த திரையில் தெரிந்த வரைபடத்தை அப்பா உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இது எதிர்ப்பக்கமால்ல போகுது?"

"வேற ஊர் போய்த்தான்பா அங்க போகும். எத்தனை தடவை சொன்னேன்?"

அந்த ஊரில் அரை நாள் காத்திருந்தார்கள். அடுத்த ஊரில் மூன்றாவது விமானம் தாமதம் என்றார்கள். அப்பாவுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அவள் குனிந்து வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். இன்னும் அங்கேயா இருக்கிறீர்கள் என்று கேட்டான்.

"ஆமாண்ணா. நடந்து வந்திருந்தா சீக்கிரம் வந்திருப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாள் கழித்து இறங்கினார்கள். வெளியே அண்ணனைக் காணோம். பெட்டியின் மேல் அப்பாவை உட்காரவைத்துவிட்டு, வருகிற காரையெல்லாம் பார்த்தபடி நின்றாள். வழியில் நெரிசல் என்று சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தவன், காரை எடுக்கும்போது, அடுத்த வருஷம் நிச்சயமாக வருகிறேன், ஆபரேஷனை அப்போது வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"வேணாம்ப்பா. போனதும் பண்ணிக்கிறேன். இவ இருக்கா."

எத்தனையோ வருஷமாக அவள் ஏங்கியிருந்த பேச்சு. ஆனால் இன்னொரு முறை லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. கேட்டபோது அவர் முகமும் நினைத்தபடியே போயிற்று. இருந்தாலும், ஊர் திரும்பிய மாதமே ஆபரேஷன் முடிந்தது.

கண்ணின் கட்டைப் பிரித்ததும் அப்பா அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். "என்னம்மா இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டார்.

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.