திருக்கழுக்குன்றம் மலைக்கு ஒரு பர்மிட்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். என் அப்பா பார்த்தசாரதி ஆழம் தெரிந்த பிறகும் விடமாட்டார். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருட வேலை. அங்கே பர்மிட் என்ற அனுமதித் தாளில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போடாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட முடியாது. அது நியாயம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

2003 ஜூனில் எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அப்பாவும் நானும் சேர்ந்து எதையும் செய்து பல வருடம் ஆகியிருந்தது. கிளம்புவதற்குள் ஒரு ஞாயிறு, விடியலில் புறப்பட்டு நடந்தே திருக்கழுக்குன்றம் போய், மலையேறிவிட்டு பஸ்ஸில் திரும்பலாம் என்று நான்தான் கேட்டேன். உடனே சரி என்றார். கோடு போட்ட தாளை எடுத்தார்.

தண்ணீருக்கு ஒரு கட்டம், குடைக்கு ஒரு கட்டம், எந்த டீக்கடையில் எத்தனை நிமிடம் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். புளிசாதத்துக்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டே போட்டாள். முதல் ஞாயிறு மேகம் என்று தள்ளினார், அடுத்த ஞாயிறு வெயில் என்று தள்ளினார். மூன்றாவது வாரம் என் செருப்பு வார் சரியில்லையாம். தினமும் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேப்பில் நூலை வைத்து தூரம் அளப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மோசஸ் அண்ணன் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது? நாங்கல்லாம் நாஸ்தா துன்ட்டு ஏறி எறங்கிடுவோம். இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

அவசரத்துக்கு ஸ்கூட்டரோடு தயாராக இருக்க அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டார் அப்பா.

நாலாவது ஞாயிறுதான் கடைசி. புதன்கிழமை எனக்கு ரயில். நாலரை மணிக்கே பையோடு நின்றேன். அப்பா மேஜையருகே உட்கார்ந்திருந்தார்.

"காத்து ரொம்ப ஈரமா இருக்கு. இன்னைக்கு வேணாம்டா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைப் பிடுங்கினேன். ஒன்றைத் தவிர எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. 'ஏறுபவர் உடல்நிலை' என்ற இடத்தில் என் பெயருக்கு நேரே என் கையெழுத்து. அவர் பெயருக்கு நேரே காலி.

"இதானே பாக்கி? போடுங்க!" பேனாவை நீட்டினேன்.

வாங்கவில்லை. "இத்தனை வருஷத்துல பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டதில்லடா."

"என்ன பொய்?"

"மூணு மாசமா மாடிப்படி ஏறினாலே நெஞ்சை அடைக்குது."

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"ஏறமுடியாதுன்னு முதல் நாளே சொல்லவேண்டியதுதானே! அப்புறம் எதுக்கு நாலு வாரமா உக்காந்து திட்டம் போட்டீங்க?"

அப்பா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியேடா."