கிளாடி புந்திங்

லாபிஸ் ஊருக்குப் பக்கத்துச் சிற்றேரியில் ஆகாயத்தாமரை அகற்றும் ஒப்பந்தத் தொழிலாளி அவர். தொடைவரை ரப்பர் பூட்ஸ். மீசையில் எப்போதும் ஒரு துணுக்குப் பாசி. ஒவ்வொரு செடியாகத் தூக்குவார், உப்பிய தண்டைத் தடவிப் பார்ப்பார், பதமாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

“ஏண்ணே, எடுத்ததையே திரும்ப விடுறீங்க?” என்று கேட்டேன்.

“மலாய்ல இதுக்குப் பேரு கிளாடி புந்திங். புந்திங்னா மாசமா இருக்குன்னு அர்த்தம்லா. புள்ளத்தாச்சிய எப்படிங்க தூக்கி வெளிய போடுறது?”

“இது ஏரிய மூடிக்கிட்டா மீனெல்லாம் மூச்சுத் திணறுமே?”

கொஞ்சம் யோசித்தார். “பிரசவம் ஆவட்டும். எடுத்துர்றேன்.”

அடுத்த மாதம் போனபோது ஏரியில் தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை செடிதான். அவர் பூரித்துப்போய் நின்றிருந்தார்.

“எல்லாம் சுகப்பிரசவம்,” என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வாழ்த்துச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.