பூட்டுக்கு வெளியே ஒரு படகு

நெட்வொர்க் புரோகிராம் எழுதும் பிழைப்பில், எல்லாம் ஓடும்போது நம் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் நம் போன் நம்பர் ஊருக்கே தெரியும். இதே பிழைப்பில் இருக்கும் நீங்கள் இப்போது தலையாட்டியிருப்பீர்கள்.

பக்கத்துப் படகு

வைத்திக்குப்பத்துப் படகுக்காரர்களுக்கு ஒரு ஆப் எழுதிக் கொடுத்திருந்தேன். படகிலிருக்கும் போன் தன் இடத்தை எங்கள் சர்வருக்கு அனுப்பும்; கரையில் வீட்டுக்காரர் போனில் அது பச்சைப் புள்ளியாகத் தெரியும். இணையத்தின் பழைய முகவரிகள் போதாமல், போன்களுக்கு ஐபிவி6 என்ற புதிய முறையில் நீளமான முகவரிகள் வந்துவிட்டன. ஆப்பையும் அதற்கு மாற்றினோம்.

படகுக்காரர் குமாரின் கவலை வேறு. வலை போடும் இடத்தை அங்கே யாரும் அடுத்தவருக்குச் சொல்வதில்லை. "எந்த மொறையா வேணா இருக்கட்டும் சார். எங்க எடம் பக்கத்து போட்டுக்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா, உங்க ஆப்பத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்."

மேசைக் கடல்

முத்தியால்பேட்டை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் அந்தோணி அதற்காகச் சர்வருக்கு ஒரு பூட்டுப் போட்டார். பதிவான முகவரியிலிருந்து வந்தால் உள்ளே விடும்; மற்றதைத் தள்ளிவிடும். போன்களை மேசைமேல் பரப்பிச் சோதித்தோம். ஒன்றும் பிசகவில்லை. கடலிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். அந்தோணிக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும்.

"போன் மேசைல இருந்தா என்ன, கடல்ல இருந்தா என்ன அண்ணே? அதுக்கா வாந்தி வரப்போவுது?"

சாம்பல் புள்ளி

சில நாளில், ஒரு மதியம் திடீரென்று காற்று ஏறியது. மற்ற படகுகள் திரும்பின. குமார் வரவில்லை. அவர் மனைவி செல்வியின் போனில் புள்ளி காலையிலேயே சாம்பலாகியிருந்தது. சிக்னல் இல்லை போல என்று விட்டிருந்தார். இப்போது கூப்பிட்டால் சிக்னல் போதாமல் கட் ஆகிறது. செல்வி சொன்னதும் லேப்டாப்போடு கரைக்கு ஓடினேன். பக்கத்துப் படகுக்காரர் மணி தேடப்போகத் தயாராக நின்றார். அலை உயர்ந்துகொண்டே இருந்தது.

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க சார். மொத்தக் கடலையுமா அலசறது?"

தட்டியவர்

சர்வர் தள்ளிவிட்ட இணைப்புகளைப் பார்த்தேன். ஏதோ ஒரு புது முகவரி காலையிலிருந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. புதிய முறையில், யாரும் பின்தொடராதபடி போன் தன் முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். மேசைமேல் பார்த்த கொஞ்ச நேரத்தில் அது மாறவில்லை; கடலில் சிக்னல் போய் வந்ததும் மாறிவிட்டது. குமாரை யாரோ என்று நாங்களே வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம்.

பூட்டை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. செல்வி என் முகத்தையே பார்த்தார். பிறகு பச்சைப் புள்ளி. நகரவில்லை. இன்ஜின் நின்று, நங்கூரம் போட்டுக் கிடக்கிறார் போல.

மணி கையை நீட்டினார். குமார் யாருக்கும் காட்டாத இடம் அது. செல்வி போனை நெஞ்சோடு ஒருகணம் பிடித்திருந்தார், பிறகு கொடுத்துவிட்டார்.

இருட்டுமுன் மணி கயிறு கட்டி இழுத்து வந்தார். குமார் நனைந்து, நடுங்கி இறங்கினார். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் மணியின் கையிலிருந்த போனைக் கவனித்தார்.

"ஏண்டி, போயும் போயும் இவன்கிட்டயா எடத்தக் காட்டுன?"

இப்போது நாங்கள் யாரையும் முகவரியை வைத்து அடையாளம் காண்பதில்லை; ஒவ்வொரு போனுக்கும் தனி ரகசியச் சாவி கொடுத்துவிட்டோம். எந்த ஆப்புக்கும் முதல் சோதனை கடலில்தான், அந்தோணி கையில் எலுமிச்சம்பழத்தோடு வருகிறார்.