செலோ டேப் ஒட்டிய கேசட்

என் மேசை டிராயரில் ஒரு கேசட் கிடக்கிறது. மேல் விளிம்பில் இரண்டு ஓட்டைகள், இரண்டின் மேலும் செலோ டேப். ஒட்டிய புண்ணியவான் நான்தான். அந்த இடத்திலிருக்கும் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் கேசட்டில் வேறெதையும் பதிய முடியாது. ஓட்டையை அடைத்தால் மறுபடி பதியலாம். பழைய கேசட்டிலேயே புதுப் படப் பாட்டைப் பதிந்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் இர்விங் ஊர் அபார்ட்மென்டில் என்னோடு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருந்தார். லண்டன் வழியாக வந்தவர். பக்கத்து ரிச்சர்ட்சனில் டெஸ்டிங் வேலை. மனைவி ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே நடந்த போரில் போன் கிடையாது, கடிதம் வந்தால் உண்டு. அண்ணன் வாய் திறந்தால் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுவார்: தானே எழுதித் தானே பாடும் ஒரு இங்கிலீஷ் ராக் பாட்டுக்காரர். அவருடைய கேசட்டுகள் அலமாரியில் வரிசையாக இருக்கும். ஆரம்பத்தில் கிதார் காதைக் கிழிக்கும். பிறகு கீபோர்டும் வயலின் கூட்டமுமாக ஒரே ஜிகினா. பழைய ரசிகர்களே திட்டித் தீர்த்தார்களாம். வயதானதும் எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஒரு கிதாரும் தேய்ந்த குரலுமாக உட்கார்ந்துவிட்டார். ஒரு வரி பாடிவிட்டு அடுத்த வரிக்கு அவ்வளவு நேரம் எடுப்பார். எனக்குக் கொட்டாவி வரும்.

"வரியை மறந்துட்டாரா அண்ணே?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"உமக்கு விளங்காது. முந்திக் கத்திச் சொன்னதை இப்ப பேசாம இருந்து சொல்லுறான்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாட்டுக்காரரின் புது ஆல்பம் முழுவதையும் ரேடியோவில் போட்டார்கள். அண்ணன் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பதிந்து வைத்து அசத்திவிடலாம் என்று அலமாரியைத் துழாவினேன். பெயர் எழுதாத கேசட் ஒன்று கிடைத்தது. எதற்கும் உதவாத பழசு என்று நினைத்து, ஓட்டையை அடைத்துப் பதிந்தேன். பாதியில் மறுபக்கம் திருப்பியும் போட்டேன். அந்தச் சுறுசுறுப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அது அண்ணனுக்கு அவர் மனைவி பேசி அனுப்பிய கேசட். பெயர் இருந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒன்றும் எழுதாமல், ஆள் மாறி ஆள் மாறி வந்து சேர்ந்தது. அதன் பிறகு சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பிப் போய்விட்டது. மனைவி உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணன் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "ரெண்டு பக்கமுமோ?" என்று மட்டும் கேட்டார்.

ரிப்பேர் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். அழிந்தது அழிந்ததுதான் என்றார்கள். அண்ணனோ தினமும் வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையே கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? "தூக்கிப் போட்டுடுங்கண்ணே" என்று அழுதேவிட்டேன்.

"இவன் முந்தி மாதிரிக் கத்தியிருந்தா விட்டிருப்பன் தம்பி. இப்ப இடைவெளி விடுறான். அதுக்குள்ள அவளின்ர குரல் கொஞ்சமாவது கிடக்கும் எண்டு கேக்கிறன்."

இரண்டு வருடம் கேட்டார். மனைவியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. லண்டனுக்குத் திரும்பும் நாளில் கேசட்டை என் கையில் வைத்தார். "என்னால இனி ஏலாது. நீர் கேளும்," என்றார்.

இப்போது இரண்டாயிரத்தொன்று. அந்தப் பாட்டுக்காரர் பழையபடி பேண்ட் குழுவோடு வந்துவிட்டார். இளமை திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. ஃப்ரீவேயில் ரேடியோவில் கேட்டேன். மூச்சுவிட இடமில்லாத சத்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அணைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். செலோ டேப் பழுப்பேறியிருக்கிறது. கேசட்டை பிளேயரில் போடுகிறேன். ஒரு வரி பாடிவிட்டு அவர் நிறுத்துகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். ஒன்றும் இல்லை. ரீவைண்ட் பண்ணி மறுபடி கேட்கிறேன்.