சோப்பு, தண்ணீர், சம்பந்தி வீடு

வீட்டில் சோப்பு செய்து விற்கிறவளுக்கு உள்ள பெரிய சங்கடம், வாங்குகிறவர்கள் எல்லோரும் சரக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சோதிப்பதுதான். ஊறுகாய் விற்கிறவள் ஒரு துண்டை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்குத் தெரியும்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, ஐம்பதை எட்டும் வயதில் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து இதைத் தொடங்கினேன். ஒரு வருஷம் பார்ப்பது, ஓடாவிட்டால் மறுபடி பெங்களூர் என்று எனக்கும் என் கணவருக்கும் பேச்சு. அந்த வருஷம் முடியப்போகிற சமயத்தில் நடந்தவை இவை.

உள்ளதைச் சொன்னது

அடுத்த தெரு ஜெசிந்தா டீச்சர் வேப்பிலைச் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கெமிக்கல் ஒண்ணும் இல்லைலா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எண்ணெய் தானாகச் சோப்பு ஆகாது, காஸ்டிக் சோடா சேர்க்க வேண்டும், அளவு சரியாக இருந்தால் கட்டி காய்ந்து முடிவதற்குள் அது மிஞ்சாமல் போய்விடும் என்று விளக்கினேன். அறிவியல் பாடம் எடுத்தவர், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு சோப்பைப் பைய மேசைமேல் வைத்தார்.

"ஏளா, நீ சொல்லாம இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேன்லா."

கட்டில்

கங்கைகொண்டான் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் போட்டுக் கொடுக்க மஞ்சள் சோப்பு கேட்டார். மண்டபம் கொள்ளாத கூட்டம் வரும் என்றார். இந்த ஆர்டர் தேறினால் பெங்களூர் பேச்சு நின்றுவிடும். இருந்த எண்ணெய் அத்தனையும் இதற்கே போயிற்று. வெட்டிய கட்டிகளைக் காய வைக்க இடம் போதாமல் படுக்கையறைக் கட்டிலிலும் பரப்பினோம். நாங்கள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டோம்.

நடுவில் ஒருநாள் பார்க்க வந்த அண்ணாச்சியிடம், இன்னும் ஒரு மாதம் காய வேண்டும் என்றேன். மின்விசிறிக் காற்றில் வரிசையாகப் படுத்திருந்த சோப்புகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களயே நாலு நாள்ல சம்மதிக்க வச்சேன் தாயி, இந்தச் சோப்புக்கு என்ன இம்புட்டுப் பிகு?"

மணிக்கட்டு வரை நுரை

கல்யாணம் நெருங்கும்போது, மாதிரிக்குக் கொடுத்தனுப்பிய சோப்போடு அண்ணாச்சியின் மனைவி வந்தார். தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலித்தது, நுரையைக் காணோம். வாளி ஓரத்தில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போய்விடும். வேண்டவே வேண்டாம் என்றார்.

அதே கட்டியை எங்கள் குழாயில் நனைத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கள் தெருவுக்கு வருவது ஆற்றுத் தண்ணீர். மணிக்கட்டு வரை நுரை வந்தது. எனக்கே அப்போதுதான் உறைத்தது: இந்தச் சோப்புக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. நானோ செய்ததையெல்லாம் ஆற்றுத் தண்ணீரிலேயே தேய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். காரணம் பிடிபட்ட சந்தோஷத்தில், "உங்க வீட்டுல போர் தண்ணியா, மயினி? உப்பா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் நுரையைக் கழுவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளையக் கெட்டிக் குடுக்கப்போற நேரத்துல எங்க வீட்டுத் தண்ணிக்குக் குத்தம் சொல்லுதியளாக்கும்?"

பங்கு பிரித்தது

மறுநாள் அண்ணாச்சியே வந்தார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆற்றுத் தண்ணீரில் நுரைக்கும், போர் தண்ணீரில் நுரைக்காது, அவ்வளவுதான் அண்ணாச்சி என்றேன். அவர் கோபப்படவில்லை. கடைக்காரர் இல்லையா, யார் யார் எங்கே குளிக்கிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் விக்கிரமசிங்கபுரம். அங்கே ஆற்றுத் தண்ணீருக்குக் குறைவில்லை. அவருடைய சொந்தபந்தமெல்லாம் அவர் ஊரைச் சுற்றி, போர் தண்ணீரில்.

"அப்போ அவங்களுக்குச் சோப்பு, நம்ம ஆளுகளுக்கு எவர்சில்வர் கிண்ணம். நம்ம ஆளுதான, ஒண்ணும் சொல்ல மாட்டான்."

மிச்சம் பாதி

கல்யாணம் முடிந்தது. பாதிச் சோப்பு இன்னும் கட்டிலில் கிடந்தது. கணவர் பெங்களூரில் வாடகை வீடு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த வாரமே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அண்ணாச்சியின் அக்கா. பின்னால் சித்தி, அத்தை, கொழுந்தியாள் என்று வேன் நிறைய பெண்கள். மாப்பிள்ளை வீட்டார் பைகளை மண்டபத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த இவர்களுக்கு இருக்கிற சோப்பு அத்தனையும் வேண்டுமாம். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு இது நுரைக்காது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அக்கா கட்டிலருகே போய், தானே எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்துவிட்டார்.

"நுரைச்சா என்ன, நுரைக்காட்டா என்ன? அவங்களுக்குச் சோப்பு, எங்களுக்குக் கிண்ணமா? கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சிட்டாம்லா என் தம்பி!"

பெங்களூர் பேச்சு நின்று, கட்டிலும் திரும்பக் கிடைத்துவிட்ட தைரியத்தில் சொல்கிறேன்: சோப்பு செய்ய எண்ணெயும் காஸ்டிக்கும் போதும், அதை விற்பதற்குத்தான் ஒரு கல்யாணமும் அதில் கொஞ்சம் மனத்தாங்கலும் வேண்டியிருக்கிறது.