முன்னால இடம் இருக்கு

சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டிப்போவில் அவரை யாருக்கும் தெரியாது. ‘ரைட்டு’ என்றால் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் தெரியும். இருபத்து நாலு வருஷமாகக் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து, “உள்ள போங்க, முன்னால இடம் இருக்கு, நெருங்கி நில்லுங்க” என்று கத்திக் கத்தியே தொண்டை தகரமாகிப்போன மனிதர்.

டிப்போவின் கால்பந்து அணியை அவர் தலையில் கட்டியபோது, அது ஏழு வருஷமாகத் தோற்றுப் பழகியிருந்தது. பந்து எதிரியிடம் போனால் போதும், அத்தனை பேரும் ஓடிவந்து சொந்த கோலுக்கு முன்னால் கும்பலாக நின்றுகொள்வார்கள். பார்த்ததுமே ரைட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பழகிய வியாதிதான் இது. வண்டி காலியாகக் கிடக்க, எல்லாரும் படியில் தொங்குகிறார்கள்.

மருந்தும் கையிலேயே இருந்தது. முன்வரிசை மூவரும் எதிரியின் கோல்கீப்பர் காலடி வரை போய் நெருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை மூச்சுவிட விடக்கூடாது. நடுவில் மூவர் அவர்களுடைய முதுகை ஒட்டி வரவேண்டும். தடுப்பாட்டக்காரர் நால்வரும் நடுக்கோடு வரை ஏறிவிட வேண்டும். ஒரே மாதத்தில் டயர் கழற்றுகிறவர்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள்.

மசியாதவர் கோல்கீப்பர் ஒருவர்தான். எல்லாரும் ஏறிப்போனால் பின்னால் பாதி மைதானம் காலி. அங்கே வந்து விழுகிற நீளப் பந்தைக் கோல்கீப்பர்தான் ஓடிவந்து உதைத்துத் தள்ள வேண்டும். அவரோ எப்போதோ ஒருமுறை வெளியே வந்து, பந்து தலைக்கு மேல் போய், ஊர் சிரித்ததில் சூடுபட்டவர்.

“கோட்டை விட்டு வந்தா கோட்டை விட்டுடுவேன், மாப்ள” என்பார்.

மாப்ள என்கிற உரிமை அவருக்கு உண்டு. ரைட்டின் வண்டிக்குப் பதினோரு வருஷமாக டிரைவர். ரைட்டின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த வருஷத்து அலுவலகக் கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் அவர் நகராததால் ஒரு கோல் விழுந்தது. எப்படியோ ஜெயித்தார்கள். ஆனால் பையன்கள் கூடிப் பேசி, இறுதி ஆட்டத்திலும் இப்படி ஒன்று விழுந்தால் டிரைவருக்கு இனி அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்.

“எங்கண்ணனை பெஞ்சுல உக்கார வச்சீங்கன்னா, நீங்களும் அங்கயே படுத்துக்குங்க.”

ரைட்டுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

இறுதி ஆட்டம் மின்சார அலுவலகத்தோடு. எதிரி பந்தைப் பின்னால் தட்டியதும், ‘நெருக்கு’ என்பதற்கு அடையாளமாக ரைட்டு பழக்க தோஷத்தில் பஸ் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். நடுவர்தான் ஊதினார் என்று இரண்டு அணியும் நின்றுவிட்டன. நடுவர் வந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். விசில் இல்லாமலே பையன்கள் நெருக்கினார்கள். இடைவேளைக்குப் பிறகு எதிரி கோல்கீப்பர் மிரண்டுபோய் பந்தை நம் ஆளின் காலிலேயே போட, ஒன்றுக்குப் பூஜ்யம்.

கடைசி மூன்று நிமிடத்தில்தான் அந்த நீளப் பந்து வந்தது. எல்லாரையும் தாண்டி விழுந்தது. எதிரி ஒருவன் தனியாகத் துரத்துகிறான். டிரைவர் கோட்டின் மேல் ஆணியடித்தாற்போல் நிற்கிறார். ரைட்டுக்கு என்ன சொல்வதென்று யோசிக்க நேரமில்லை. வாயில் இருந்தது வந்தது.

“போலாம், ரைட்!”

பதினோரு வருஷம் அந்தக் குரலுக்கு நகர்ந்த கால்கள். டிரைவர் பெனால்டி பெட்டியைத் தாண்டி ஓடிவந்து உதைத்த உதையில் பந்து மைதானத்துச் சுவரையே தாண்டிப்போனது. கோப்பை கைக்கு வந்தபோது ரைட்டு வெட்கமில்லாமல் அழுதார்.

எப்படி வந்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். “நான் எங்க வந்தேன்? மாப்ள ரைட் சொன்னான், கால் போயிடுச்சு” என்றார் டிரைவர். இனிமேல் யாரும் சொல்லாமலே வருவேன் என்று சத்தியமும் செய்தார்.

மறுநாள் காலை சத்தியத்தைக் காப்பாற்றினார். இரண்டாவது நிறுத்தத்தில் ரைட்டு இறங்கி, படியில் தொங்கியவர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவரைப் பார்த்து, படியில் இருந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்:

“ஓடி வாங்கண்ணே, முன்னால இடம் இருக்கு.”